தொண்ணூற்று மூன்று படிகளுக்கு ஒரு விண்ணப்பம்

ஏப்ரலிலும் அக்டோபரிலும் எர்சிலியா பெலுச்சிக்கு வேலை அதிகம். போர்கோ என்ற ஊரில் இருந்த பீங்கான் பட்டறையில் அவள் தட்டுகளுக்குச் சித்திரம் தீட்டுகிறவள். மற்ற மாதங்களில் மலை உச்சிக் கோபுரங்கள் மூன்றையும் ஒரே மாதிரி வரைந்துகொண்டே இருந்தால் போதும்; கோடைக்கு வருகிறவர்கள் வாங்கிப் போய்விடுவார்கள். ஆனால் தலைவர்கள் மாறும்போது புதிய இருவரின் பெயர்களையும் தட்டின் விளிம்பில் நீலச் சாயத்தால் எழுத வேண்டும். அந்தப் பட்டறையில் கை நடுங்காமல் எழுதக்கூடியவள் அவள் ஒருத்திதான்.

சான் மரினோ என்ற அந்தச் சின்ன மலைக் குடியரசில் நாட்டுக்கும் சபைக்கும் தலைவர் ஒருவர் அல்ல, இருவர். அதுவும் ஆறே மாதத்துக்கு. எழுநூறு வருடங்களாக இப்படித்தான். ஒருவர் கூடாது என்றால் மற்றவர் எதையும் செய்ய முடியாது. ஆறு மாதம் முடிந்ததும் இருவரும் வீட்டுக்குப் போய், விட்ட இடத்திலிருந்து தங்கள் தொழிலைத் தொடங்க வேண்டும். இருபத்திரண்டு வருடத்தில் எர்சிலியா எண்பத்தெட்டுப் பெயர்கள் எழுதியிருந்தாள். அவற்றில் பாதிக்கு மேல் முகம் மறந்துவிட்டது. தன் வாழ்க்கையின் கணக்கை மட்டும் அவர்களை வைத்தே போட்டு வந்தாள். அவளுக்குக் கல்யாணம் ஆனது நெட்டைக்காரரும் இருமல்காரரும் இருந்த ஆறு மாதத்தில். கணவன் ரெனாட்டோ கல் குவாரியில் விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டது மருந்துக்கடைக்காரர்கள் இருவர் சேர்ந்து வந்த ஆறு மாதத்தில்.

அவர்களில் யாரையும் பெரிய மனிதர் என்று அவள் நினைத்ததில்லை. மோசமானவர் என்றும் நினைத்ததில்லை. கெட்டுப்போவதற்கு ஆறு மாதம் போதாது, நல்லது செய்வதற்கும் போதாது என்பது அவள் எண்ணம்.

அவர்கள் வீடு போர்கோவுக்குக் கீழே, பாறையை ஒட்டிய பதினொரு வீட்டுச் சந்தில் இருந்தது. சந்திலிருந்து கடைவீதிக்கு ஏற வேண்டுமானால் பாறையில் வெட்டிய தொண்ணூற்று மூன்று படிகள்தான் வழி. இன்னொரு வழியும் உண்டு. அது குன்றைச் சுற்றிக்கொண்டு மூன்று கிலோமீட்டர். ரெனாட்டோவின் இடது கால் விழுந்த நாளிலிருந்து மடங்குவதில்லை. வெயில் காலத்தில் பக்கவாட்டில் திரும்பி, பாறையைத் தடவிக்கொண்டு, ஒவ்வொரு படியாக ஏறிவிடுவான். மேலே தேநீர்க் கடையில் சீட்டாடிவிட்டு மத்தியானச் சாப்பாட்டுக்கு இறங்கி வருவான். நவம்பரில் பாறையில் நீர் கசிந்து உறையத் தொடங்கினால் அவ்வளவுதான். மார்ச் வரை வீடுதான்.

முதல் சில குளிர்காலங்களில் அவன் நாற்காலி செய்தான், ரேடியோவைப் பிரித்து மாட்டினான், ஜன்னல் வழியாகப் பக்கத்து வீட்டுக்காரிகளிடம் வம்பளந்தான். போகப் போக எல்லாம் குறைந்தது. சென்ற குளிர்காலத்தில் சவரம் செய்வதை நிறுத்தினான். மார்ச்சில் பனி உருகி வழி காய்ந்த பிறகும் அவன் மேலே போகவில்லை. நாளைக்கு, நாளைக்கு என்று ஐந்து வாரம் ஓடிய பின், ஏப்ரல் கடைசியில்தான் படியேறினான். எர்சிலியா பயந்தது அந்த ஐந்து வாரத்துக்குத்தான். ஏதோ ஒரு வருடம் பனி உருகும், இவன் எழுந்திருக்க மாட்டான் என்று அவளுக்குத் தோன்றிவிட்டது.

வேண்டியது ஒரு கைப்பிடிக் கம்பி. சந்தில் கொல்லர் இருந்தார், கம்பி இருந்தது, உதவிக்கு ஆட்களும் இருந்தார்கள். ஆனால் அந்தப் பாறை குடியரசின் சொத்து. பழைய மதிலின் அடிப்பகுதி. அதில் ஓர் ஆணி அடிக்கவும் அனுமதி வேண்டும். அனுமதி கேட்டு அவள் ஏறி இறங்கிய இடங்களில் எல்லாரும் மரியாதையாகத்தான் பேசினார்கள். ஒவ்வொருவரும் அடுத்த மேஜையைக் காட்டினார்கள். கடைசியில் அவள் தலைவர்களிடமே போவது என்று முடிவு செய்தாள். புதிய தலைவர்கள் பதவியேற்ற பின் வரும் முதல் ஞாயிற்றுக்கிழமை குடிமக்கள் யார் வேண்டுமானாலும் சபை மாளிகைக்குப் போய் விண்ணப்பம் கொடுக்கலாம். நல்லது என்று தலைவர்கள் கருதுவது சபைக்குப் போகும்.

ரெனாட்டோவுக்கு இது பிடிக்கவில்லை.

"கம்பியப் புடிச்சுக்கிட்டு நடக்க நான் என்ன தொண்ணூறு வயசு கிழவனா? ஊரே பாக்கும். ரெனாட்டோவுக்குன்னு ஒரு கம்பி."

"படி தொண்ணூத்தி மூணு. வயசு அம்பத்தொண்ணு. உனக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல. பேசாம சாப்பிடு," என்றாள் எர்சிலியா.

அந்த அக்டோபரில் தலைவர்களாக அறிவிக்கப்பட்ட இருவரில் ஒருவர் செட்டிமியோ கார்டெல்லி. மாட்டு வைத்தியர், இரண்டு தடவையாகச் சபை உறுப்பினர். இதெல்லாம் ஊருக்கு. சந்துக்கு அவர் மூன்றாவது வீட்டுக்காரர். ரெனாட்டோவோடு ஒரே பெஞ்சில் படித்து, ஒரே நாளில் பள்ளியை விட்டு ஓடி, ஒரே நாளில் பிடிபட்டவர். சந்தே சிரித்தது. கம்பி வந்த மாதிரிதான் என்றார்கள். இனி ஆறு மாதத்துக்கு மாடுகள் சுயாட்சி நடத்த வேண்டியதுதான் என்று ரெனாட்டோ சொன்னது கடைவீதி வரை போய்ச் சேர்ந்தது.

எர்சிலியா ஒரு தவறு செய்தாள். அந்த வருடம் அக்டோபர் முதல் தேதியே ஞாயிறு. முதல் ஞாயிறு என்றால் அன்றுதான் என்று எண்ணி, பதவியேற்பு ஊர்வலம் சதுக்கத்தைக் கடக்கும் நேரத்தில் காகிதத்தோடு மாளிகை வாசலில் போய் நின்றாள். வாத்தியங்கள் முழங்கின. கறுப்பு வெல்வெட்டும் கழுத்தில் வெள்ளை மடிப்புப் பட்டையும் அணிந்து செட்டிமியோ அவளைத் தாண்டி நடந்தார். கண் அவள் பக்கம் திரும்பவில்லை. காவலர் அவளை மெல்ல ஓரத்துக்கு நகர்த்தி, அடுத்த ஞாயிறு என்றார். இருபத்திரண்டு வருடமாகத் தலைவர்களின் பெயரை எழுதுகிறவளுக்கு இந்த விதி தெரியாதா என்று பட்டறையில் ஒரு வாரம் கேலி செய்தார்கள்.

அடுத்த ஞாயிறு வரிசையில் நின்று கொடுத்தாள். செட்டிமியோ இரண்டு கையாலும் வாங்கினார். "விண்ணப்பம் பெறப்பட்டது, அம்மா" என்று சொல்லிவிட்டு அடுத்தவரைப் பார்த்தார். தெரிந்தவள் என்ற சாடை முகத்தில் துளியும் இல்லை. படியிறங்கும்போது, சரியாகத்தான் நடந்துகொண்டான் என்று அவள் நினைத்துக்கொண்டாள். அவளிடமிருந்து அதற்கு மேல் பாராட்டு யாருக்கும் கிடைத்ததில்லை.

பிறகு ஒன்றும் நடக்கவில்லை.

சபையில் எடுத்துக்கொள்ளும் விண்ணப்பங்களின் பட்டியல் மாதந்தோறும் மாளிகைக்கு வெளியே பலகையில் ஒட்டப்படும். நவம்பரில் ஒரு பூங்கா பெஞ்சு வந்தது. டிசம்பரில் தபால்தலையின் நிறம் வந்தது. ஜனவரியில் நாய் வரி. படிகள் வரவில்லை. தலைவர்களிடம் வழியில் நின்று காரியம் பேசும் பழக்கம் அங்கே கிடையாது. படிகளில் எதிரே வந்தால் தொப்பியைத் தொடுவார், ஞாயிற்றுப் பூசையில் முன்வரிசையில் அவர் முதுகு தெரியும், அவ்வளவுதான். பதவி வந்ததும் செட்டிமியோவுக்குக் கண் மங்கிவிட்டது என்று சந்தில் பேச ஆரம்பித்தார்கள். எர்சிலியா அந்தப் பேச்சில் சேரவில்லை, மறுக்கவும் இல்லை.

அந்தக் குளிர்காலம் கடுமையாக இருந்தது. படிகளில் விரல் தடிமனுக்குப் பனி. ஜனவரியில் ஒரு காலை அவள் வேலைக்குக் கிளம்பும்போது, ரெனாட்டோ கட்டிலுக்கு அடியிலிருந்து தன் தோல் பூட்ஸை எடுத்து மேஜையில் வைத்தான். நன்றாகத் துடைத்திருந்தான்.

"உன் தங்கச்சி புருஷனுக்கு சரியா இருக்கும். கொடுத்துடு. சும்மாதானே கிடக்கு."

குரலில் வருத்தம் எதுவும் இல்லை. மிச்சமான ரொட்டியைக் கோழிக்குப் போடச் சொல்வது போலச் சொன்னான். வருத்தப்பட்டிருந்தால் அவள் சண்டை போட்டிருப்பாள். சரி என்று வாங்கி, துணி அலமாரியின் மேல்தட்டில் போர்வைகளுக்குப் பின்னால் வைத்துவிட்டு வேலைக்குப் போனாள். அன்று மூன்று தட்டுகளில் கோபுரம் கோணலாக வந்தது.

ஏப்ரல் முதல் தேதி வேறு இருவர் வெல்வெட் அணிந்தார்கள். செட்டிமியோ பழைய கோட்டும் தொப்பியுமாகத் படிகளில் தனியாக இறங்கி வீட்டுக்கு வந்தார். மறுநாள் காலை, எர்சிலியா அடுப்பில் பியாடினா ரொட்டியைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தபோது கதவு தட்டும் சத்தம் கேட்டது.

ரெனாட்டோ நாற்காலியிலிருந்து எழவில்லை. "மேன்மை தங்கியவரே, வாங்க. எங்க வீட்டு மாட்டுக்கு ஒண்ணும் இல்ல. எனக்குத்தான் சீக்கு," என்றான்.

செட்டிமியோ சிரிக்கவில்லை. தொப்பியைக் கழற்றிக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார்.

"எர்சிலியா, உன் காகிதம் சபைக்கு வரல."

"தெரியும். பலகைய மாசாமாசம் படிச்சேன். நாய் வரி வந்துச்சு."

"யாரும் அதத் தடுக்கல. கூடத் தலைவரா இருந்த வக்கீல் தம்பி ரெண்டு தடவ எடுத்துக் கொடுத்தான். நான்தான் அடியில வெச்சேன். அடுத்த மாசம் பாக்கலாம், அடுத்த மாசம் பாக்கலாம்னு. ஆறு மாசம் ஓடிப் போச்சு."

"ஏன்?"

அந்தப் படிகளில் நானும்தான் நடக்கிறேன் என்றார் அவர். தலைவரானதும் தன் வீட்டு வழிக்குக் கம்பி போட்டுக்கொண்டான், சினேகிதனுக்குச் சலுகை காட்டினான் என்று சொல்வார்களே என்று பயந்ததாகச் சொன்னார். வேறு எந்தச் சந்தாக இருந்தாலும் முதல் மாதமே எடுத்திருப்பேன் என்றார். முப்பதாயிரம் பேர்கூட இல்லாத நாட்டில், தெரிந்தவர்களுக்குச் செய்யக்கூடாது என்றால் யாருக்குத்தான் செய்வது என்பது ஆறு மாதம் முடிந்து படியிறங்கும்போதுதான் தனக்கு உறைத்தது என்றார்.

"சொல்லத்தான் சொல்லியிருப்பாங்க. நானே சொல்லியிருப்பேன்," என்றான் ரெனாட்டோ.

செட்டிமியோ எர்சிலியாவையே பார்த்தார். "பதவி முடிஞ்சவங்க மேல எவன் வேணாலும் புகார் கொடுக்கலாம். செஞ்சதுக்கும் கொடுக்கலாம், செய்யாததுக்கும் கொடுக்கலாம். கெடு முடிய இன்னும் நாள் இருக்கு. நீ கொடு. நான் ஒத்துக்கிறேன்."

எர்சிலியா அடுப்பை அணைத்தாள். உள்ளே போய், அலமாரியின் மேல்தட்டிலிருந்து பூட்ஸை எடுத்து வந்து அவர் முன்னால் தரையில் வைத்தாள்.

"ஜனவரில இத யாருக்காவது கொடுத்துடுன்னான். இனிமே வேணாமாம்."

ரெனாட்டோ ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். செட்டிமியோ பூட்ஸைப் பார்த்தபடி நின்றார். மாட்டுக்கு இனி வழியில்லை என்று சொல்லிவிட்டு, விவசாயியின் முகத்தைப் பார்க்காமல் கை கழுவும்போது அவர் அப்படித்தான் நிற்பார்.

"புகார் கொடுத்தா என்ன நடக்கும்?" என்று கேட்டாள்.

"விசாரிப்பாங்க. எழுதி வெப்பாங்க. தப்புன்னா தண்டன உண்டு."

"படியில கம்பி வருமா?"

"அது... அது வேற விஷயம்."

"அப்ப புகாரால உன் மனசு ஆறும். அவ்வளவுதான். ஊரும் சொல்லும், பாரு, தன் மேலேயே புகார் கேட்டு வாங்கினவன், எப்பேர்ப்பட்ட யோக்கியன்னு. ஆறு மாசமா நீ பாத்தது உன் பேர. இப்பவும் அதத்தான் பாக்குற, செட்டிமியோ."

ரெனாட்டோ திரும்பாமலே சொன்னான். "எர்சிலியா, போதும். பாவம்டி அவன்."

"பாவம்தான். நான் இல்லன்னு சொல்லல." அவள் செட்டிமியோ பக்கம் திரும்பினாள். "வர்ற ஞாயித்துக்கிழம மறுபடியும் காகிதம் கொண்டு போறேன். மொதல் கையெழுத்து உன்னோடதா இருக்கணும். எங்கூட வரிசையில நிக்கணும்."

"சிரிப்பாங்க."

"சிரிக்கட்டும். உன்னப் பாத்துத்தானே, இவன் காலப் பாத்து இல்லையே."

செட்டிமியோ தட்டில் இருந்த பியாடினாவின் ஓரத்தைக் கிள்ளி வாயில் போட்டுக்கொண்டார். பசியால் அல்ல, கைக்கு ஏதாவது வேலை வேண்டியிருந்தது. பிறகு, பேனா இருக்கிறதா என்று கேட்டார்.

அவரை நல்லவர் என்று சொல்வதற்கு இதில் பெரிதாக ஒன்றும் இல்லை. தன் பெயரைக் காப்பாற்றுவதை நீதி என்று நம்பி ஒருவர் ஆறு மாதம் இருந்தார். அது நீதி அல்ல என்று தெரிந்ததும் அந்தப் பெயரைக் கொஞ்சம் செலவழிக்கச் சம்மதித்தார். ஆனால் தலைவர்களின் நீண்ட வரிசையில் அந்தச் செலவுக்கு எத்தனை பேர் சம்மதித்திருப்பார்கள் என்று எர்சிலியாவுக்குத் தெரியாது. பெயர்களை மட்டும்தான் அவள் எழுதுகிறாள்.

ஞாயிறு காலை மாளிகை வாசலில் பதினாறு பேர் நின்றார்கள். எர்சிலியா ஒன்பதாவது, செட்டிமியோ பத்தாவது. வாசல் காவலர் பழக்கத்தில் அவருக்கு விறைப்பாக வணக்கம் வைத்துவிட்டு, பாதியில் நினைவு வந்து, கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் பொத்தானைத் திருகினார். முன்னால் நின்ற ஒரு முடிதிருத்துபவர், ஆறு மாதம் உள்ளே உட்கார்ந்தும் காரியம் ஆகாமல் வெளியே வந்து நிற்கிற ஆளை இன்றுதான் பார்க்கிறேன் என்று எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார். வரிசை சிரித்தது. செட்டிமியோவின் காது சிவந்தது. ஆனால் அவர் இடத்தை விட்டு நகரவில்லை. ஆமாம், உள்ளே நாற்காலி மெத்தென்று இருக்கும், வேலை ஓடாது என்று மட்டும் பதில் கொடுத்தார். புதிய தலைவர்கள் இருவரும், ஒரு வாரம் முன்பு தாங்கள் பதவி வாங்கிக்கொண்ட மனிதரே தொப்பியைக் கையில் பிடித்து நிற்பதைக் கண்டு ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். எர்சிலியா காகிதத்தை நீட்டினாள். முதல் கையெழுத்தைப் படித்ததும் அவர்களில் மூத்தவர் கண்ணாடியைச் சரி செய்துகொண்டு இன்னொரு தடவை படித்தார்.

செட்டிமியோ பயந்தது எல்லாம் நடந்தது. ஒரு வாரப் பத்திரிகை அவரைக் கம்பிக்காரர் என்று எழுதியது. பண்ணைகளில் மாட்டின் வாலைப் பிடித்துக்கொண்டு, கைப்பிடி போதுமா டாக்டர் என்று கேட்டார்கள். ஜூனில் விண்ணப்பம் சபைக்கு வந்தபோது ஓர் உறுப்பினர் எழுந்து, இந்தப் படிகளை முன்னாள் தலைவரும் பயன்படுத்துகிறார் என்பது உண்மையா என்று கேட்டார். செட்டிமியோ எழுந்தார். "ஆமா. ஒரு நாளைக்கு நாலு தடவ. போன வருஷமும் நாலு தடவதான். அதனாலதான் போன வருஷம் இது உங்க முன்னாடி வரல. தப்பு என்னோடது," என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். ஓட்டெடுப்பில் பெரிய வித்தியாசம் இல்லை என்றாலும் நிறைவேறியது.

அக்டோபரில் வேலையாட்கள் வந்தார்கள். துளைபோடும் இயந்திரத்தின் சத்தம் கேட்டதும் ரெனாட்டோ வாசலுக்கு வந்தான். சிறிது நேரம் பார்த்தான். பிறகு பூட்ஸைக் கேட்டு வாங்கி மாட்டிக்கொண்டு, நாற்காலியை இழுத்துப் போய்ப் படிகளின் அடியில் போட்டு உட்கார்ந்தான். இருபது வருடம் இதே பாறையை உடைத்தவன் அவன். அந்த இடத்தில் துளை போடாதே, உள்ளே களிமண் நாளம் ஓடுகிறது, முதல் பனியிலேயே பிடுங்கிக்கொள்ளும் என்றான். மேஸ்திரி கேட்கவில்லை; துளை போட்டார்; ஈரமாகக் களிமண் வந்தது. அதற்குப் பிறகு ஒவ்வொரு துளைக்கு முன்பும் அவர் ரெனாட்டோவைப் பார்த்தார். ஒன்பது நாள் வேலை. ஒன்பது நாளும் அவன் காலையில் சவரம் செய்துகொண்டு உட்கார்ந்திருந்தான். தனக்கென்று ஒரு கம்பியா என்று கேட்டவன், கடைசியில் அது ஒரு கை உயரம் தாழ்வாக இருக்கிறது என்று சண்டை போட்டு ஏற்றி வைக்கச் செய்தான்.

டிசம்பரில் படிகள் உறைந்தன. முதல் நாள் அவன் கிளம்பவில்லை. இரண்டாம் நாளும் இல்லை. கூட வருகிறேன் என்று சொல்ல நாக்கின் நுனி வரை வந்ததை விழுங்கிவிட்டு எர்சிலியா வேலைக்குப் போனாள்.

மூன்றாம் நாள் பதினோரு மணி இருக்கும். பட்டறைக் கதவு திறந்து குளிர்காற்று உள்ளே வந்தது. கதவைச் சாத்துங்கள் என்று நாலைந்து பேர் ஒரே நேரத்தில் சொன்னார்கள். ரெனாட்டோ நின்றான். மூச்சு வாங்கியது. மூக்கு நுனி சிவந்து, இடது உள்ளங்கை கம்பியின் குளிரில் வெளுத்திருந்தது. எர்சிலியா தூரிகையை வைக்க மறந்து அப்படியே பிடித்துக்கொண்டிருந்தாள்.

"கதவ இழுத்துச் சாத்தினேன், தானா பூட்டிக்கிச்சு," என்றான். "பூட்டின பிறகுதான் பாத்தேன், என் சாவி உள்ளயே இருக்கு."

"என் சாவி வேணுமா?"

அவன் யோசித்தான். உள்ளே ஒருமுறை சுற்றிப் பார்த்தான். காய வைத்திருந்த தட்டுகளையும், தன்னைப் பார்த்துக்கொண்டிருந்த பெண்களையும், ஜன்னலுக்கு வெளியே தெரிந்த கடைவீதியையும்.

"வேணாம். நீ சாயங்காலம் வந்து திற. நான் டீக்கடையில இருக்கேன்."